சிவப்புச் சுவெட்டரில் வெள்ளை எழுத்து ஏன் நிறம் மாறுகிறது?

சிரம்பான், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்றாலே குழுவுக்கு ஒரே மாதிரிச் சட்டை வேண்டும். வீட்டிலேயே ஹீட் பிரஸ் இயந்திரம் வைத்து அச்சிட்டுத் தருவோருக்கு இது நல்ல பக்க வருமானம். பருத்திச் சட்டையில் பழகிய கை பாலியெஸ்டர் ஃபிளீஸ் சுவெட்டருக்கு மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பாலியெஸ்டர் என்பது நம் பெரியவர்கள் 'டெரிலின்' என்று அறிந்த அதே இழை. 1941இல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. அடிப்படையில் அது பிளாஸ்டிக். சுமார் 260 பாகை செல்சியசில் உருகும். அதற்கு வெகு முன்பே ஃபிளீசின் மென்மயிர் படிந்து, சட்டையில் சதுரமாகப் பளபளப்புத் தடம் விழுந்துவிடும். அந்தத் தடம் பெரும்பாலும் போகாது.

இதைவிட மோசமானது சாயம். பாலியெஸ்டருக்கு ஏற்றும் சாயம் கடும் சூட்டில் ஆவியாகி மேலே ஒட்டிய வெள்ளை எழுத்துக்குள் புகுந்துவிடும். அச்சிட்ட அன்று எழுத்து பளிச்சென்றுதான் இருக்கும். சில நாளில் இளஞ்சிவப்பாகும். அதற்குள் நாற்பது சட்டையும் கைமாறியிருக்கும், நட்டம் அச்சிட்டவருக்கு.

எனவே பருத்திக்கு வைக்கும் 150, 160 பாகை இங்கு வேண்டாம். 120 முதல் 130 பாகையில் ஒட்டும் வினைலும், அடர்நிறத் துணிக்குச் சாயத்தைத் தடுக்கும் அடுக்குள்ள வினைலும் கடைகளில் கேட்டு வாங்கலாம். எத்தனை விநாடி என்பதற்குத் தயாரிப்பாளர் தரும் அளவே கணக்கு. அழுத்தத்தைக் குறைத்து, மேலே டெஃப்லான் தாளும், சிப்பும் தையலும் உள்ள இடத்தில் அடியில் பஞ்சு மெத்தையும் வைக்க வேண்டும். முதலில் ஒரு சட்டையில் மட்டும் அச்சிட்டுச் சில நாள் காத்திருப்பது அவசியம். அவசர ஆர்டர் என்று இதைத் தவிர்ப்பவர்களே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரு பக்கமும் கம்பளிபோல் மயிர் உள்ள ஃபிளீசில் பசை நுனியில் மட்டுமே பிடிக்கும், துவைத்தால் உரியும். அதற்கு எம்பிராய்டரிதான் சரி. வெளிப்புறம் வழவழப்பாக உள்ள வகையில் வினைல் நிற்கும். சப்ளிமேஷன் முறைக்கோ 190 பாகைக்கு மேல் சூடு வேண்டும், வெளிர்நிறத் துணியும் வேண்டும். வெள்ளை மை அதில் கிடையாது.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு தொல்லை, மெய்யெழுத்துப் புள்ளி. சிறிதாக வெட்டினால் அதுதான் முதலில் உதிரும். 'சங்கம்' 'சஙகம' ஆகிவிடும். தடித்த எழுத்துரு, பெரிய புள்ளி நல்லது. முதல் சலவைக்கு ஒரு நாளாவது பொறுத்து, உட்புறம் வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைக்கும்படி வாங்குவோரிடம் சொல்லிவிடுங்கள்.