கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்!

மர்ம நாவல் படிப்பவர்களில் ஒரு ரகம் உண்டு. புத்தகத்தைக் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்கள். குற்றவாளி யார் என்று பார்த்துக்கொள்வார்கள். பிறகுதான் முதல் பக்கத்துக்கு வருவார்கள். அவர்களைக் கண்டால் வீட்டில் மற்றவர்களுக்கு ஆகாது!

ஆனால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற விஷயத்தில் அவர்கள்தான் கெட்டிக்காரர்கள்.

ஒரகடத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு. ராத்திரி ஷிப்ட் முடிந்து கணவன் வருகிறான். மனைவி காபியைக் கொடுத்துவிட்டுக் கேட்கிறாள்.

"என்னங்க, பாப்பாவுக்கு மூணு வயசு முடிஞ்சிடுச்சு. எந்தப் பள்ளிக்கூடத்திலே போடுறது?"

அவ்வளவுதான். மர்மக் கதை தொடங்கிவிட்டது!

ஊர் மாறிய கதை

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் ராமானுஜர் பிறந்த ஊர் என்பார்கள். 1998-ல் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை வந்தது. 2012-ல் டெய்ம்லர் லாரி வந்தது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்தார்கள். கையில் மாதச் சம்பளம் வந்தது. "நாம்தான் மெஷினோடு மல்லுக்கட்டுகிறோம். பிள்ளையாவது இங்கிலீஷ் படிக்கட்டும்" என்ற ஆசையும் கூடவே வந்தது.

தனியார் பள்ளி என்றால் பணம் வேண்டுமே? அதற்கு ஒரு சட்டம் வழி திறந்தது. 2009-ல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. தனியார் பள்ளிகள், தொடக்க வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடத்தை ஏழைக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். கட்டணத்தை சர்க்கார் பள்ளிக்குக் கொடுத்துவிடும்.

பள்ளிக்கூடங்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 2012-ல் தீர்ப்பு வந்தது. "சட்டம் செல்லும்!"

துப்புகள்

ஆனால் இடம் சுலபத்தில் கிடைத்துவிடாது. தமிழ்நாட்டு விதிகளின்படி, வீட்டில் இருந்து 1 கிலோ மீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். வாடகை வீட்டை மாற்றிக்கொண்டே இருக்கும் தொழிலாளிக்கு முகவரிச் சான்று காட்டுவதே பெரும்பாடு.

அடுத்தது வருமானம். நலிந்த பிரிவில் மனுப் போட, ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 16 ஆயிரத்துச் சொச்சம். நாலு நாள் ஓவர்டைம் பார்த்தால் கோட்டைத் தாண்டிவிடும்! உழைத்ததற்குத் தண்டனையா என்று தொழிலாளி கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. (சாதிச் சான்றிதழை வைத்து மனுப் போடும் பிரிவும் தனியாக உண்டு. இது தெரியாமல் திரும்பிப் போகிறவர்கள் ஏமாந்தவர்கள்.)

எல்லாம் சரியாக இருந்தும், தெருமுனையில் உள்ள பள்ளியில் "இந்தச் சட்டம் எங்களுக்கு இல்லை" என்று சொல்லலாம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

மனுக்கள் அதிகமாக வந்தால் குலுக்கல். மூன்று வயதுக் குழந்தையின் படிப்பு ஒரு சீட்டில்!

2025-ல் அந்தச் சீட்டுக்கும் ஆபத்து வந்தது. மத்திய சர்க்காருக்கும் தமிழக சர்க்காருக்கும் கல்வி நிதியில் தகராறு. பணம் வரவில்லை. கோடையில் சேர்க்கை தொடங்கவில்லை. வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்குப் போயிற்று. பள்ளிகள் ஜூனில் திறந்துவிட்டன. இலவச இடத்துக்கான சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது! நாலு மாதம் எந்தத் தாய் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்?

இரண்டு கட்சி

இந்த 25 சதவீதம் நல்லதா, கெட்டதா? நாட்டில் இரண்டு கட்சி உண்டு.

"பணக்காரன் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டாமா? பெற்றவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டாமா?" என்பது ஒரு கட்சி.

"சர்க்கார் பணம் தனியாருக்குப் போகிறது. சர்க்கார் பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள். பிறகு அதை யார் கவனிப்பார்கள்?" என்பது மறு கட்சி.

இது உலகத்து வழக்கு. 1955-ல் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் மில்டன் பிரீட்மன் ஒரு யோசனை சொன்னார். பள்ளிக்குக் கொடுக்கும் பணத்தைப் பெற்றோர் கையில் சீட்டாகக் கொடுத்துவிடு, அவர்கள் விரும்பும் பள்ளிக்குப் போகட்டும் என்றார். தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாடு 1981-ல் அதைப் பெரிய அளவில் செய்தது. வசதியுள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம் என்று பள்ளிகள் பிரிந்துபோயின. 2015-ல் சட்டத்தையே திருத்தினார்கள்.

பிரீட்மன் சொன்னதற்கு அடுத்த ஆண்டு, 1956-ல், தமிழ்நாட்டில் காமராஜர் வேறு வழியில் போனார். பள்ளிக்கூடத்திலேயே மதியச் சோறு! 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. 2023-ல் எல்லா சர்க்கார் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. காலை ஷிப்டுக்கு ஓடும் தாய்க்கு அந்தச் சிற்றுண்டியின் அருமை தெரியும்.

மறைந்திருக்கும் பக்கம்

இப்போது கடைசிப் பக்கத்துக்கு வருவோம். பலரும் புரட்டாத பக்கம் இதுதான்.

இலவச இடம் 8-ம் வகுப்பு வரைதான்! எல்.கே.ஜி., யு.கே.ஜி., பிறகு 8 வகுப்பு. மொத்தம் 10 வருஷம். பிளஸ்-2 முடிக்க 14 வருஷம் வேண்டும். பாக்கி 4 வருஷத்துக்கு? கையில் இருந்து கட்ட வேண்டும். அந்த நேரத்தில்தான் கட்டணமும் ஏறி நிற்கும்.

சில பள்ளிகள் 5-ம் வகுப்போடு முடிந்துவிடும். அங்கே இலவசமும் அதோடு சரி. அடுத்த பள்ளிக்கு அது கூடவே வராது.

14 வருஷம் என்பது சின்னக் காலமா? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் தொடங்கியது. செல்போன்களை மலைபோல் குவித்தது. 2014-ல் மூடப்பட்டது. எட்டே வருஷம்! அதை நம்பி எல்.கே.ஜி.யில் சேர்த்த பிள்ளை 7-ம் வகுப்பைத் தாண்டுவதற்குள் தகப்பனுக்கு வேலை போயிற்று.

இன்னொரு விஷயம். 2020-ல், மருத்துவக் கல்லூரி இடங்களில் 7.5 சதவீதம் சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கு என்று சட்டம் வந்தது. 2021-ல் என்ஜினீயரிங் முதலிய படிப்புகளுக்கும் அப்படியே வந்தது. 2022-ல் புதுமைப் பெண் திட்டம் வந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். இவற்றைப் பெற 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது தொடக்கத்தில் வைத்த விதி.

அப்படியானால் இலவச இடத்தில் தனியார் பள்ளிக்குப் போன ஏழைப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லையா?

இங்கேதான் திருப்பம்! 8-ம் வகுப்பு வரை அந்த இடத்தில் படித்து, 9 முதல் 12 வரை சர்க்கார் பள்ளியில் படித்தால் அவர்களுக்கும் உண்டு என்று விதியில் இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் பணம் கட்டி 6, 7, 8 படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, கணக்கு மட்டும் வேறு!

ஆகவே 9-ம் வகுப்பில் மறுபடியும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அன்றைக்கு வீட்டுப் பக்கத்தில் நல்ல சர்க்கார் உயர்நிலைப் பள்ளி இருந்தால்தான் அந்த முடிவுக்கு அர்த்தம். ஆய்வுக்கூடம் இருக்கிறதா, கணக்கு வாத்தியார் இருக்கிறாரா, வயசுப் பெண் போய்வர பஸ் இருக்கிறதா என்று இன்றைக்கே விசாரித்து வைப்பதில் நஷ்டம் இல்லை.

ஒரகடத்துக் கணவனும் மனைவியும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகிறார்கள். உள்ளே இருக்கும் பையன் பெயர், பிறந்த தேதி எல்லாம் தட்டுகிறான். 1 கிலோ மீட்டருக்குள் உள்ள பள்ளிகளின் பட்டியல் வருகிறது. கணவன் முதல் பெயரைக் கை காட்டுகிறான்.

"கொஞ்சம் இருங்க" என்கிறாள் மனைவி. "தம்பி, இந்தப் பள்ளிக்கூடம் எத்தனாவது வகுப்பு வரைக்கும் இருக்குன்னு பாரு."