டெக்சாஸ் அவசரசேவை மாவட்டங்கள்: பொதுப்பணச் செலவு விதிகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பெரும்பாலும் நகர எல்லைக்கு வெளியே உள்ள பகுதிகளுக்குத் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் சேவைகளை வழங்குவதற்காக அமைக்கப்படும் உள்ளாட்சி அமைப்பு அவசரசேவை மாவட்டம் எனப்படுகிறது. மாவட்டம் என்றதும் ஆட்சியர் தலைமையில் இயங்கும் நிர்வாகப் பிரிவை நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இது ஒரே ஒரு பணிக்காக வரி வசூலிக்கும் சிறிய அமைப்பு. டெக்சாஸில் இத்தகைய அமைப்புகள் முந்நூறுக்கும் மேல் உள்ளன. ஒவ்வொன்றையும் ஐந்து ஆணையர் கொண்ட குழு நடத்துகிறது. பெரும்பாலான கவுண்டிகளில் கவுண்டி ஆட்சிக் குழு இவர்களை நியமிக்கிறது. ஹாரிஸ் போன்ற சில கவுண்டிகளில் மக்களே தேர்ந்தெடுக்கின்றனர்.

வருவாயின் எல்லையை மாநில அரசியலமைப்பே வகுத்துள்ளது. 1987-இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, சொத்து மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் 10 சென்டுக்கு மேல் வரி விதிக்க முடியாது. 3,00,000 டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 300 டாலர் என்று கணக்கு வரும். அந்த வரிக்கும் வாக்காளர்கள் முதலில் ஒப்புதல் தர வேண்டும். விற்பனை வரியும் விதிக்கலாம். ஆனால் ஓரிடத்தில் எல்லா உள்ளாட்சி அமைப்புகளும் சேர்ந்து விதிக்கும் விற்பனை வரி 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வேறொரு அமைப்பு அந்த 2 சதவீதத்தையும் முன்பே எடுத்துக்கொண்ட இடத்தில் இவற்றுக்கு எதுவும் மிஞ்சாது.

செலவுக்கான விதிகள் மாநிலத்தின் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 775-ஆம் அத்தியாயத்தில் உள்ளன. ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படையான விதி அரசியலமைப்பின் 3-ஆம் பகுதி, 52-ஆம் பிரிவில் இருக்கிறது: பொதுப்பணத்தைத் தனியாருக்கு நன்கொடையாகத் தரக்கூடாது. படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இவ்விதி, அவசரசேவை மாவட்டங்களின் அன்றாட நடைமுறையில்தான் சிக்கலாகிறது. பல மாவட்டங்களுக்குச் சொந்தமாகத் தீயணைப்பு வீரர்கள் கிடையாது. ஊரார் சேர்ந்து தொடங்கி, விருந்து நடத்தியும் நன்கொடை திரட்டியும் வளர்த்த தன்னார்வத் தீயணைப்புப் படைதான் அங்கே தீயை அணைக்கிறது. அந்தப் படை சட்டப்படி இலாப நோக்கற்ற தனியார் நிறுவனம். எனவே, நல்ல காரியம் செய்கிறார்கள் என்பதற்காக மட்டும் வரிப்பணத்தை அதற்கு எடுத்துக் கொடுக்க முடியாது.

எப்படிக் கொடுத்தால் செல்லும் என்பதை டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2002-இல் வழங்கிய ஒரு தீர்ப்பு தெளிவாக்கியது. செலவின் முதன்மை நோக்கம் பொதுநலமாக இருக்க வேண்டும். அந்த நோக்கம் நிறைவேறுவதை உறுதிசெய்யும் அளவுக்குப் பணத்தின் மீது அரசு அமைப்புக்குக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். அதற்கு ஈடான பயன் திரும்பக் கிடைக்க வேண்டும். ஆகவே மாவட்டமும் படையும் எழுத்துமூலம் சேவை ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. எந்தப் பகுதிக்குச் சேவை, மாதந்தோறும் என்ன கணக்கு தர வேண்டும், மாவட்டப் பணத்தில் வாங்கிய வண்டி யார் பெயரில் இருக்கும், ஒப்பந்தம் முறிந்தால் அது யாரிடம் போகும் என்பவற்றை அதில் முன்கூட்டியே எழுதிவைப்பது முக்கியம். உறவு நன்றாக இருக்கும் காலத்தில் வண்டியின் உரிமைப் பத்திரத்தை யாரும் கேட்பதில்லை. பிணக்கு வந்தபின் அதுவே முதல் கேள்வியாகிறது. பதில் இல்லாவிட்டால் ஊருக்குத் தீயணைப்பு வண்டியே இல்லாமல் போகலாம்.

கொள்முதலுக்கு வேறு விதிகள் உண்டு. ஒரு பொருளுக்கோ சேவைக்கோ சட்டம் குறிக்கும் வரம்பைத் தாண்டிச் செலவிட வேண்டுமானால் ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். அந்த வரம்பு நெடுங்காலம் 50,000 டாலராக இருந்தது. ஒரே வகைப் பொருள்களை ஒரே நிதியாண்டில் பலமுறை வாங்கினால் அவற்றைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். வரம்பைத் தாண்டும் கொள்முதலை இரண்டாக உடைத்துத் தப்ப முடியாது. தீயணைப்பு வண்டி வாங்குவோர் பலர், ஹூஸ்டன்–கால்வெஸ்டன் வட்டார மன்றம் நடத்துவது போன்ற கூட்டுக் கொள்முதல் திட்டங்களை நாடுகின்றனர். அங்கே போட்டி விலை முன்பே பெறப்பட்டிருப்பதால் தனியாக ஒப்பந்தப்புள்ளி தேவையில்லை.

ஆனால் நிலம் வாங்குதல், ஒரே ஒருவரிடம் மட்டும் கிடைக்கும் பொருள், அவசரச் செலவு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. தீயணைப்பு, மீட்பு, ஆம்புலன்ஸ் சேவை ஒப்பந்தங்களுக்கும் விலக்கு உண்டு. அதாவது பல மாவட்டங்களின் மிகப் பெரிய செலவு எதுவோ, அதற்கே போட்டி விலை கட்டாயமில்லை. இதில் நியாயம் இல்லாமல் இல்லை: சிற்றூரில் இருக்கும் ஒரே படையோடு போட்டியிட யார் வருவார்? எனினும், சந்தை செய்ய வேண்டிய சோதனையை இங்கே ஒப்பந்த வாசகமும் ஆணையர்களின் கவனமுமே செய்தாக வேண்டும். அந்த ஆணையர்களே சில ஊர்களில் படையின் பழைய உறுப்பினர்களாகவோ அவர்களின் உறவினர்களாகவோ இருப்பதுண்டு.

மக்களின் கண்காணிப்புக்கு இரு வழிகள் உள்ளன. ஆணையர் கூட்டங்கள் முன்னறிவிப்புடன் பொதுவில் நடைபெற வேண்டும். மாவட்டத்தின் நிதி ஆவணங்களை யாரும் கேட்டுப் பெறலாம். இது தவிர, மாவட்டம் ஆண்டுதோறும் ஜூன் 1-க்குள் தணிக்கை அறிக்கையைக் கவுண்டி ஆட்சிக் குழுவிடம் அளிக்க வேண்டும். அளிக்கத் தவறினால் கவுண்டித் தணிக்கையாளரைக் கொண்டு கணக்கைப் பார்க்க ஆட்சிக் குழு உத்தரவிடலாம். தாமதம் மேலும் நீண்டால் மாவட்டத் தலைவரும் பொருளாளரும் பதவி இழக்கவும் சட்டத்தில் இடமுண்டு. வரவும் கையிருப்பும் 2,50,000 டாலரைத் தாண்டாத, நீண்டகாலக் கடன் பத்திரங்கள் இல்லாத சிறு மாவட்டங்கள் முழுத் தணிக்கைக்குப் பதிலாக எளிய நிதி அறிக்கை தந்தால் போதும்.