பிள்ளையின் மார்க் பெற்றோரின் கைப்பேசியில்: வேறு யாரெல்லாம் பார்க்கலாம்?

ரிப்போர்ட் கார்டை அப்பாவிடம் காட்டாமல் ஒரு வாரம் பைக்குள்ளேயே வைத்திருப்பதெல்லாம் இனி கஷ்டம். மலேசிய அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகளின் அடைவைப் பெற்றோர் இணையத்திலேயே பார்க்கலாம். ஜொகூர் பாருவில் இதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு. பொழுது விடியுமுன்னே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பெற்றோர், பள்ளி நேரத்தில் வகுப்பாசிரியரைப் போய்ப் பார்ப்பது லேசுப்பட்ட காரியமா?

முன்பு எப்படி?

கல்வி அமைச்சின் 'சாப்ஸ்' பக்கத்தில் பிள்ளையின் அடையாள அட்டை எண்ணைப் போட்டு, பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் போதும். மார்க் வந்துவிடும். கடவுச்சொல் கேட்காது.

சிக்கலே அங்கேதான். அந்த எண்ணின் முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த மாநிலம். ஜொகூர் என்றால் பெரும்பாலும் 01. கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ரகசியம் காப்பதற்காக உருவான எண்ணே அல்ல அது. டியூஷன், போட்டி, நீச்சல் வகுப்பு என்று எத்தனை பாரங்களில் எழுதிக் கொடுத்திருப்போம்! எண்ணும் பள்ளியும் தெரிந்தால் சித்தப்பாவும் பார்க்கலாம், பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் பார்க்கலாம்.

2018 ஜூனில் பிரச்சினை பெரிதானது. சாப்ஸில் இருந்த பாதுகாப்பு ஓட்டையால் மில்லியன் கணக்கான மாணவர், பெற்றோர் விவரங்கள் கசியக்கூடும் என்று செய்தி வெளியானது. அமைச்சு அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாக மூடியது.

இப்போது?

'ஐடிமீ' தளத்தில் பெற்றோர் தங்கள் பெயரிலேயே கணக்கு வைத்து, கடவுச்சொல்லுடன் நுழைகிறார்கள். ஆனால் பல வீடுகளில் அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்ததே அக்காவோ அண்ணனோதான். கடவுச்சொல்லும் அவங்க கையிலதான். தம்பியின் ரிசல்ட் அம்மாவுக்குப் போகுமுன்னே அக்காவுக்குத் தெரிந்துவிடும்!

திரையில் தெரிவது என்ன?

"எத்தனை ஏ எடுத்த?" என்ற பழைய கேள்விக்கு இங்கே முழுப் பதில் கிடைக்காது. யூபிஎஸ்ஆர் 2021-லும் பிடி3 2022-லும் ரத்தாகிவிட்டன. வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலை மட்டுமே. 3 என்றால் மூன்றாவது ரேங்க் அல்ல. எதிர்பார்க்கப்படும் குறைந்தபட்ச அளவை எட்டிவிட்டார் என்று அர்த்தம். நான்காம் ஆண்டு முதல் படிவம் 3 வரை கல்வித் தவணை இறுதித் தேர்வும் உண்டு. அதற்கு ஏ முதல் எஃப் வரை கிரேடு.

தகவல் கசிந்தால் சட்டம் கைகொடுக்குமா?

மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. தனியார் டியூஷன் நிலையத்தைக் கட்டுப்படுத்தும் அந்தச் சட்டம், கல்வி அமைச்சின் தளத்துக்குப் பொருந்தாது. பிள்ளைகளின் விவரம் இவ்வளவு குவிந்திருக்கும் இடத்துக்கு அந்த விலக்கு ஏன் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

அடைவுநிலையைப் பதிவு செய்வது ஆசிரியர். அதில் சந்தேகம் இருந்தால், திருத்தம் கேட்டு முதலில் போக வேண்டிய இடமும் வகுப்பாசிரியர்தான்.