ஒட்டுவது ஒரு நிமிஷம், எடுப்பது?

கடையிலிருந்து புது எவர்சில்வர் பாத்திரங்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு விலைச் சீட்டு. மருமகள் நகத்தால் சுரண்டுகிறாள். மேல்தாள் கிழிந்து வருகிறது, அடித்தாள் வரவில்லை. தேங்காய் நாரால் தேய்க்கிறாள். தாள் போயிற்று, பிசுபிசுப்புப் போகவில்லை. கத்தியை எடுக்கப் போகும்போது மாமியார் தடுக்கிறாள்.

"கத்தி எதுக்கும்மா? பாத்திரம் கீறிப் போகும். அடுத்ததிலே வெந்நீரை ஊத்தி வெச்சுப் பாரு!"

அடுத்த பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிஷம் வைத்தார்கள். சீட்டின் ஓரத்தைத் தூக்கி மெதுவாக இழுத்ததும் முழுசாக வந்துவிட்டது. முதல் பாத்திரத்தில் மிஞ்சிய பிசுபிசுப்பைத் தேங்காய் எண்ணெய் போக்கியது.

மாமியார் சொன்னது சமையலறைக்கு மட்டும் உரிய யோசனை அல்ல. ஸ்கூட்டர், கார், கண்ணாடிக் கதவு, பீரோ, எதில் ஒட்டிய ஸ்டிக்கருக்கும் அடிப்படை அதுதான். வெப்பமும் பொறுமையும் இருந்தால் முக்கால் வேலை முடிந்தது.

காயாத பசை

மைதாவைக் காய்ச்சிய பசை, காய்ந்த பிறகுதான் பிடிக்கும். தண்ணீர் பட்டால் இளகிவிடும். ஸ்டிக்கரின் பசை வேறு ஜாதி. அது காய்வதே இல்லை. அழுத்தினால் ஒட்டும். பிறகு, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களில் நாளுக்கு நாள் மெல்ல இறங்கும். அதனால்தான் இன்று ஒட்டியதை இன்றே எடுப்பது சுலபமாகவும், ஒரு வருஷம் கழித்து எடுப்பது பெரும்பாடாகவும் இருக்கிறது.

சூடு பட்டால் இந்தப் பசை தளரும். தண்ணீருக்கு அசையாது, எண்ணெயில் ஊறினால் பிடியை விட்டுவிடும். இதுதான் ரகசியம்.

இப்படிப் பசை தடவி, வழவழப்பான பின்தாளின் மேல் வைத்த சீட்டுகளை 1935-ல் அமெரிக்காவில் ஸ்டான்டன் ஏவரி என்பவர் தயாரிக்கத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1926-ல், வால்டோ செமன் என்ற அமெரிக்க ரசாயன நிபுணர், பி.வி.சி. என்னும் விறைப்பான பிளாஸ்டிக்கை ரப்பர் போல் வளையச் செய்திருந்தார். இப்படி வளையும் பிளாஸ்டிக்கை மெல்லிய ஏடாக்கிப் பசை தடவினால், அதுவே வினைல் ஸ்டிக்கர்.

மழை அதை அசைக்காது. வெயில்தான் அதற்குச் சத்துரு. வருஷக்கணக்கில் வெயில் பட்டால் வளையும் தன்மை போய்விடும். எடுக்கும்போது அப்பளம் போல் நொறுங்கும்.

ஒட்டும் விதம்

சென்னையில் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலை ஆகிய இடங்களில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடைகள் பல உண்டு. தேர்ந்த தொழிலாளி எடுத்தவுடன் ஒட்டிவிட மாட்டார். முதலில் இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைப்பார். தூசியும் எண்ணெய்ப் பசையும் இருந்தால் ஸ்டிக்கர் அவற்றின் மேல்தான் ஒட்டும். வண்டியின் மேல் ஒட்டாது. வெயிலில் நின்று கொதிக்கும் தகரத்திலும் ஒட்டக்கூடாது. தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், கோணலாகிவிட்டால் திருத்த முடியாது.

பெரிய வினைல் ஸ்டிக்கராக இருந்தால் ஒரு தந்திரம் உண்டு. தண்ணீரில் இரண்டொரு சொட்டுத் திரவ சோப்பைக் கலந்து, ஒட்டும் இடத்தில் தெளிக்க வேண்டும். ஸ்டிக்கர் உடனே பிடிக்காமல் வழுக்கும். இப்படி அப்படி நகர்த்திச் சரிசெய்யலாம். பிறகு ஓர் அட்டையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்தித் தள்ளினால் தண்ணீரும் காற்றும் வெளியேறிவிடும். காற்றுக் குமிழி நின்றுவிட்டால், மெல்லிய ஊசியால் குத்தி விரலால் அழுத்தலாம். காகித ஸ்டிக்கருக்கு இந்த ஈர வித்தை ஆகாது. ஒட்டிய பிறகு ஒரு நாளாவது வண்டியைக் கழுவாமல் இருப்பது நல்லது.

எடுக்கும் விதம்

2024 மே மாதத்தில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸார், சொந்த வண்டிகளில் அரசுத் துறை, பத்திரிகை போன்ற பெயர்களை ஒட்டிக்கொள்வதற்கு எதிராக நடவடிக்கை எடுத்தார்கள். அப்படிப்பட்ட சமயத்தில்தான் அவசரம் வரும். அவசரத்தில் கத்தி வரும். கத்தியோடு பெயிண்டும் வரும்.

சரியான வழி இது: தலைமுடி உலர்த்தும் கருவியால் ஸ்டிக்கரைச் சூடாக்கலாம். அது இல்லாவிட்டால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிஷம் போர்த்தி வைக்கலாம். ஓரத்தைத் தூக்கி, மேல் நோக்கி இழுக்காமல், பின்னால் மடக்கினாற்போல் மெதுவாக இழுக்க வேண்டும். மிஞ்சும் பசையில் தேங்காய் எண்ணெய் தடவிக் கால்மணி நேரம் ஊறவிட்டு, துணியால் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கண்ணாடிக்கு நீலகிரித் தைலமும் உதவும். ஆனால் அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் வேண்டாம். அது தீப்பற்றும்.

ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் புதுசாகப் பளபளத்தால், அது பசையின் குற்றம் அல்ல. சுற்றியுள்ள பெயிண்ட் வெயிலில் வெளுத்திருக்கிறது. மூடியிருந்த இடம் வெளுக்கவில்லை.

ஹெல்மெட்டில் ஜாக்கிரதை!

பாத்திரத்தில் தவறு செய்தால் ஒரு கீறல். வண்டியில் தவறு செய்தால் பெயிண்ட் செலவு. ஹெல்மெட்டில் தவறு செய்தால் தலைக்கே ஆபத்து.

பிள்ளைகள் ஆசையாக நட்சத்திரத்தின் படத்தையோ, புலியின் முகத்தையோ ஹெல்மெட்டில் ஒட்டிக்கொள்கிறார்கள். அலுத்துப்போனதும், வண்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்துத் துடைக்கிறார்கள். அல்லது பெயிண்டுக் கடைத் தின்னரைத் தேடுகிறார்கள். பசை நொடியில் போய்விடும் என்பது உண்மையே. ஆனால் பல ஹெல்மெட்டுகளின் ஓடு பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். போன்ற பிளாஸ்டிக்கால் ஆனது. பெட்ரோலும் தின்னரும் அந்தப் பிளாஸ்டிக்கைப் பலவீனப்படுத்தும். மயிரிழை போன்ற விரிசல்கள் உண்டாகலாம். வெளிப் பார்வைக்கு ஹெல்மெட் பளபளவென்று இருக்கும். கீழே விழுந்து அடிபடும்போதுதான் அதன் பலவீனம் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?

ஆகையால் ஹெல்மெட்டுக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் ஒன்றே மருந்து. ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டு, விரலால் மெல்ல உரிக்கலாம். கருவியால் கடுஞ்சூடு காட்டவும் கூடாது. உள்ளே அடியைத் தாங்கும் தெர்மக்கோல் போன்ற மெத்தை இளகிவிடும். ஏற்கெனவே பெட்ரோலோ தின்னரோ பட்ட ஹெல்மெட்டானால், அதை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

சோப்புத் தண்ணீருக்கும் போகாமல் கொஞ்சம் பசை ஒட்டிக்கொண்டிருந்தால் இருக்கட்டும். அழகில் குறையலாம், தலையைக் காப்பதில் குறையாது.