உண்டியலும் செருப்பும்

“இக்காலத்துப் பிள்ளைகளுக்கு இரக்கமென்பதே இல்லை” என்று பெரியவர்கள் குறைப்பட்டுக் கொள்கிறார்கள். ஆம்பூரில் உபாத்தியாயனாகிய நானும் பல வருஷம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். தர்ம ஸ்தாபனங்கள் நன்கொடை கேட்டால் வகுப்புக்கு வகுப்பு உண்டியலை அனுப்புவேன். பிள்ளைகள் காசு போடுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். குற்றம் அவர்களிடம் இல்லை, உண்டியலோடு நின்றுவிட்ட என்னிடமே இருந்தது என்பதை அறியச் சில காலம் ஆயிற்று.

எங்கள் வேலூர்ச் சீமையின் சரித்திரமே இதற்குச் சான்று கூறும். அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாயாரைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தார் ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண். திரும்பிச் சென்றுவிடுவதே அவருடைய எண்ணம். ஓரிரவு, பிரசவ வேதனைப்படும் மனைவிக்கு உதவி வேண்டி மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. வைத்தியரான தகப்பனாரோ ஆண்மகன் என்பதால், அவரை அழைத்துப்போக வந்தவர்கள் இசையவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். ஐடா வைத்தியம் கற்று 1900-இல் திரும்பி வந்தார். 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அவரை அழைத்து வந்தது பிரசங்கமன்று. வாசலில் வந்து நின்ற துயரம்.

அந்த ஸ்தாபனத்துக்கு 1946-இல் வந்தவர் டாக்டர் பால் பிராண்டு. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். செங்கற்பட்டில் தொழுநோயாளர் விடுதியைப் பார்க்கச் சென்றபோது, விரல் மடங்கிப்போன ஒருவரிடம் தம் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பிடியோ இரும்புப் பிடி! அந்தக் கையில் பலம் எஞ்சியிருப்பதை அறிந்த டாக்டர், நல்ல தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தும் ரண சிகிச்சையை வகுத்தார். கை நிமிர்ந்தவர்களில் சிலரோ, “இப்போது பிச்சையும் விழவில்லை, வேலையும் கிடைக்கவில்லை” என்று முறையிட்டனர். ஆகவே நவஜீவ நிலையம் எழுந்தது; அங்கே அவர்களுக்குத் தச்சு வேலை பயிற்றப்பட்டது.

சேவாக்கிராமத்தில் தொழுநோயுற்ற பர்சூரே சாஸ்திரியாருக்குக் காந்தியடிகள் தம் கைகளாலேயே பணிவிடை செய்ததும் இத்தகைய இரக்கமே. அண்ணலின் நூற்றாண்டான 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் தோன்றியது. சில வருஷங்களுக்கு முன், அத்திட்டத்தில் சேர்ந்த எங்கள் மாணாக்கர் சிலரை, வேலூரை அடுத்த கரிகிரிக்கு அழைத்துச் சென்றேன். 1955 முதல் அங்கே தொழுநோய் மருத்துவமனை நடந்து வருகிறது. இந்நோய் இன்று மருந்தினால் முற்றும் குணமாவது. ஆனால் மரத்துப்போன பாதத்தில் உணர்ச்சி திரும்புவது அரிது. முள் தைத்தாலும் தெரியாது. புண் ஆழ்ந்து காலையே கொண்டுபோகும். ஆதலால் அத்தகையவர்களின் செருப்பிலே ஆணி கூடாது; அடியிலே மெத்தென்ற ரப்பர் வேண்டும். அப்படிப்பட்ட செருப்பை அங்கே கண்டோம்.

எங்களோடு வந்த பையன் ஒருவனுடைய தகப்பனார் ஷூ கம்பெனியில் வேலை செய்பவர். தோல் தொழிலைத் தாழ்வாகப் பேசுவார்களோ என்றஞ்சி, தகப்பனாரின் வேலையை அவன் எவரிடமும் சொன்னதில்லை. அன்று அந்தச் செருப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எங்கப்பா செய்கிற வேலைதான், ஸார்” என்றான். எல்லோர் காதிலும் விழும்படியாகவே சொன்னான்.

அவர்கள் வீட்டுக்கு எதிரே நீரிழிவினால் கால் மரத்துப்போன ஒரு பாட்டி இருந்தாள். பாதங்களை நாள்தோறும் சோதிக்க வேண்டுமென்று கரிகிரியில் கேட்டதை நினைவில் வைத்து, மாலைதோறும் சென்று பார்த்து வந்தான். ஒருநாள் பாட்டி அறியாமலே அவள் குதிகாலில் ஏறியிருந்த கண்ணாடிச் சில்லைக் கண்டுபிடித்தான். அன்றே வைத்தியரிடம் காட்டியதால் கால் பிழைத்தது. அதற்குப் பிறகு இரக்கத்தைப்பற்றி அவனுக்கு நான் பாடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தர்ம ஸ்தாபனங்களை நடத்தும் பெரியோர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே. இளைஞர்களிடம் காசு மட்டும் கேளாதீர்கள். ஒரு முகத்தைக் காட்டி, அவர்களால் இயன்ற ஒரு வேலையையும் கொடுங்கள். பெற்றோர்களே! “பரீட்சைக்குப் படிக்காமல் ஊர்வேலை எதற்கு?” என்று தடுக்காதீர்கள். மாலையில் அரை மணி நேரம் போனால் மார்க்கு குறைந்துவிடாது. அந்த அரை மணியில் ஒரு கால் பிழைக்கக்கூடும். உங்கள் பிள்ளையும் மனிதனாவான்.