புள்ளியை வெட்டும் கட்டளை

கோப்பிலிருந்து கணினி ஒரு வரியை வாசிக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத புதுவரிக் குறியும் அதன் இறுதியில் ஒட்டிக்கொண்டு வரும். அதை நீக்காவிட்டால், பட்டியலிலுள்ள ‘முருகன்’ நாம் தட்டச்சு செய்யும் ‘முருகன்’ உடன் பொருந்தாது.

1987-இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழியில் இதற்கு ‘சாப்’ என்னும் கட்டளை உண்டு. ஆனால், அது எதுவாயினும் கடைசிக் குறியை வெட்டிவிடும். பட்டியலின் இறுதி வரியில் புதுவரிக் குறி சில வேளைகளில் இருக்காது. யூனிகோட்டிலோ புள்ளி ஒரு தனிக்குறி. ஆகவே, யூடிஎஃப்-8 என்று அறிவித்துத் திறந்த கோப்பிலும் ‘முருகன்’, ‘முருகன’ ஆகிவிடுவார்! சான்றிதழிலும் அப்படியே அச்சாகும்.

1994-இல் வந்த பெர்ல் 5-இன் ‘சாம்ப்’ கட்டளை, புதுவரிக் குறி இருந்தால் மட்டுமே நீக்கும். அதையே பயன்படுத்துவோம். தொல்காப்பியம் மெய்யெழுத்துக்கு வகுத்த புள்ளியை நம் நிரல் தொலைக்கலாமா?