கை வலிக்கு ஐஸா, சூடா? முதல் இரண்டு நாளில் செய்ய வேண்டியவை

செம்பனைத் தோட்டத்தில் நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டி, நாள் முழுக்க அண்ணாந்து குலை அறுப்பவர்களுக்கு மேற்கை வலி புதிதல்ல. 20 கிலோவைத் தாண்டும் குலைகளைத் தூக்கிப் போடுபவர்களுக்கும் அப்படித்தான். பட்டணத்தில் கேஸ் தோம்பைத் தூக்கியவருக்கும், பல மாதம் கழித்துப் பூப்பந்து விளையாடியவருக்கும் அதே வலிதான்.

வலி வந்ததும் நம் வீடுகளில் தைலத்தை எடுத்து அழுத்தித் தேய்ப்போம். மறுநாள் சுளுக்கு வழிப்பவரிடம் போவோம். தைலமும் ஒத்தடமும் உதவக்கூடியவைதான். ஆனால், எந்த வலிக்கு, எந்த நாளில் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு வகை வலி

பழக்கமில்லாத வேலை செய்த மறுநாள் கை முழுக்க வலித்தால், அது தசைக் களைப்பு. மூன்று நாள் வரை கூடி, ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். இதற்கு முதல் நாளே வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம்.

தூக்கும்போதோ இழுக்கும்போதோ 'சுரீர்' என்று ஓர் இடத்தில் வலித்து, பிறகு வீங்கினால் அல்லது கன்றிப்போனால், தசை நார் கிழிந்திருக்கலாம். இதில்தான் கவனம் தேவை.

முதல் இரண்டு நாள் ஐஸ்

நார் கிழிந்த இடத்தில் உள்ளுக்குள் இரத்தம் கசியும். அந்த நேரத்தில் சூடு வைத்தாலும் அழுத்தி உருவினாலும் கசிவு கூடி, வீக்கம் பெரிதாகும். ஆகவே முதல் இரண்டு நாளுக்குச் சூடும் வேண்டாம், உருவுவதும் வேண்டாம்.

ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை இப்படிச் செய்யலாம். ஐஸை நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். பாரம் தூக்காமல், கையைத் தலையணை மேல் வைத்து ஓய்வு கொடுங்கள்.

மூன்றாம் நாள் முதல் சூடு

வீக்கம் வற்றத் தொடங்கியதும் நம் பாட்டிமார் முறைக்கு வரலாம். கல் உப்பை வெறும் சட்டியில் வறுத்து, துணியில் முடிந்து ஒத்தடம் கொடுங்கள். புளி, மஞ்சள், உப்பு சேர்த்துக் காய்ச்சிய பற்றை இளஞ்சூட்டில் போடலாம். இவை கிழிந்த நாரை ஒட்ட வைப்பதில்லை. இறுகிய தசையைத் தளர்த்தி வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். காயம் உள்ள தோலில் பற்றுப் போடாதீர்கள்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்குச் சில சமயம் சூடு உறைக்காது. வெந்து போன பிறகுதான் தெரியும். வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்த்த பிறகே ஒத்தடம் கொடுங்கள். தைலம் தேய்த்த இடத்தில் உடனே சூடு வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

வலி குறையக் குறையக் கையை மெதுவாக அசையுங்கள். மேசையைப் பிடித்துக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல ஆட்டலாம். சுவரில் விரல்களை மெல்ல மேலே நகர்த்தலாம். வலிக்கு அஞ்சி வாரக்கணக்கில் அசைக்காமல் இருந்தால் தோள்பட்டை இறுகிவிடும். இனிப்புநீர் உள்ளவர்களிடம் இது அதிகம்.

மாத்திரையிலும் கவனம்

பெரியவர்கள் 500 மில்லிகிராம் பெனடோல் ஒன்று அல்லது இரண்டு எடுக்கலாம். அடுத்த முறைக்குக் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மாத்திரையைத் தாண்டக்கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். மற்ற வலி மாத்திரைகள் சிறுநீரகக் கோளாறும் வயிற்றுப் புண்ணும் உள்ளவர்களுக்கு ஆபத்தானவை. காய்ச்சலோடு உடம்பு வலி இருந்தால் டெங்கியாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனைக்கு முன் அந்த மாத்திரைகளைத் தொடாதீர்கள்.

'ஒரே நாளில் வலி போகும்' என்று விற்கும் பெயர் தெரியாத ஜாமுவையும் நம்ப வேண்டாம். அத்தகைய சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்திருக்கிறது. பொட்டலத்தில் 'எம்.ஏ.எல்.' பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டு வைத்தியம் போதாத நேரம்

தைலம் தேய்த்து நேரத்தைக் கடத்தவே கூடாத வலி ஒன்று உண்டு. பாரம் எதுவும் தூக்காமலே கை, குறிப்பாக இடது கை வலித்து, நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் அல்லது குமட்டல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 999 அழையுங்கள். பெண்களுக்கும் இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலி இல்லாமலேயே மாரடைப்பு வரலாம்.

'டப்' என்ற சத்தத்தோடு வலித்துத் தசை உருண்டையாகத் திரண்டாலும், கையைத் தூக்க முடியாவிட்டாலும், கை மரத்துப்போனாலும், கடும் வேலைக்குப் பின் சிறுநீர் கறுத்துப் போனாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஒரு வாரமாகியும் வலி குறையாவிட்டாலும் போக வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

வேலை செய்யும்போது கை பிசகினால் அன்றே மண்டோரிடமோ மேலாளரிடமோ சொல்லிவிடுங்கள். விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வீட்டிலேயே வைத்தியம் பார்த்துவிட்டுப் பிறகு சொன்னால், வேலையில் பட்ட அடி என்று காட்டுவது சிரமமாகிவிடும்.